வரிசை வந்தால் பெயர் வந்துவிடுமா?

"இலையில் ஒரு துண்டு போதும். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, வரிசையைப் படித்து, கணினியில் கொடுத்தால் செடியின் பெயர் வந்துவிடும். இனி எதற்குக் களப்பயணம், எதற்கு ஹெர்பேரியம், எதற்கு வகைப்பாட்டியலுக்கென்று தனி ஆசிரியர்?" தாவரவியல் படித்தவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு இப்போது சாதாரணம். சிலர் வாய்விட்டே சொல்கிறார்கள். மற்றவர்கள் சொல்வதில்லை, எந்தப் பணியிடத்தை நிரப்புகிறார்கள், எதைக் காலியாகவே விடுகிறார்கள் என்பதில் காட்டிவிடுகிறார்கள். இந்தக் கருத்து தவறு. பாதி உண்மை கலந்த தவறு என்பதால் சுலபமாகச் செல்லுபடி ஆகிறது.

அந்தப் பாதி உண்மையை முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். கண் ஏமாறும். மண்ணும் மழையும் மாறினால் இலையின் அளவு மாறும், மயிரடர்த்தி மாறும். வேறு வேறு வம்சத்துச் செடிகள் ஒரே மாதிரி இடத்தில் வாழப் பழகி ஒரே தோற்றம் கொண்டுவிடும். தாமரையும் அல்லியும் இதற்கு நல்ல சாட்சி. இரண்டும் குளத்தில் வேரூன்றி, வட்ட இலை விரித்து, பல இதழ்ப் பூ பூப்பவை. அதனால் தாவரவியலாளர்கள் அவற்றை வெகுகாலம் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். டி.என்.ஏ.வைப் படித்தபோது, பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அவை வழி பிரிந்தவை என்று தெரிந்தது. இன்று தாமரை இருக்கும் குடும்பத் தொகுதியில் அதற்குத் துணையாக நிற்பது நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்! எந்தக் கூர்மையான கண்ணும் இதைச் சொல்லியிருக்காது. குறிஞ்சியிலும் இப்படி ஒன்று நடந்தது. பிரெமகாம்ப் என்ற டச்சு அறிஞர் 1944இல் குறிஞ்சிப் பேரினத்தை மகரந்தத்தின் புறப்பரப்பையும் விதையையும் பார்த்துப் பல சிறு பேரினங்களாக உடைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த மரபணு ஆய்வுகள் அந்தப் பிரிவினையில் பெரும்பகுதி நிற்காது என்று காட்டின. குறிஞ்சிகள் மறுபடி ஒரே பேரினத்துக்குள் வந்தன. 1998இல் தொடங்கி 2016 வரை நான்கு பதிப்புகளாக வெளியான ஏ.பி.ஜி. வகைப்பாடு, பூக்கும் தாவரங்களின் குடும்ப அமைப்பையே மரபணு அடிப்படையில் மாற்றி எழுதியது. நொச்சியும் தேக்கும் துளசியின் குடும்பத்துக்கு வந்து சேர்ந்ததும், எருக்கு அரளியின் குடும்பத்தில் கலந்ததும் அதில்தான்.

இதையெல்லாம் மறுப்பவன் தாவரவியல் பேசத் தகுதியற்றவன். ஆனால் "டி.என்.ஏ. உறவைக் காட்டியது" என்ற உண்மையிலிருந்து "டி.என்.ஏ. போதும்" என்ற முடிவுக்கு எப்படித் தாவுகிறார்கள்? அந்தத் தாவலைத்தான் மறுக்கிறேன்.

1. வரிசை எதற்கும் பெயர் சொல்வதில்லை

கணினி பெயர் சொல்வதாக யார் சொன்னது? உங்கள் வரிசையை அது தன்னிடம் உள்ள மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டு, எதோடு அதிகம் பொருந்துகிறதோ அதன் மேல் எழுதியிருக்கும் பெயரை உங்களிடம் நீட்டுகிறது. அந்தப் பெயரை அங்கே எழுதியவர் ஒரு மனிதர். அவர் கையில் இருந்த செடியை அவரோ வேறொருவரோ கண்ணால் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார்கள். சரியாகக் கண்டிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது சரியான பெயர். தவறாகக் கண்டிருந்தால், அதே தவறு இயந்திரத்தின் முத்திரையோடு உங்களுக்கு வரும்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுவாரம் வாசல் ஓரத்தில் முளைக்கிறதே, அதே செடிதான். இந்தியத் தாவர நூல்களும் மருந்து நூல்களும் இதைப் பல தலைமுறைகளாக 'பில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதிவந்தன. உண்மையில் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. மேற்கிந்தியத் தீவுகளின் பில்லாந்தஸ் இனங்களை ஆராய்ந்த வெப்ஸ்டர் 1957இல் இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கினார். 1980களில் மித்ராவும் ஜெயினும் இந்திய மாதிரிகளை வைத்து அதை முறையாகப் பிரித்தார்கள். நம் ஊரில் நிரூரி என்ற பெயருக்குள் அமாரஸ், ஃபிரேட்டர்னஸ், டெபிலிஸ் என்று குறைந்தது மூன்று இனங்கள் ஒளிந்திருந்தன. வயலில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்: ஒரு சாண் உயரம், கூட்டிலை போலத் தோன்றும் மெல்லிய கிளைகள், அவற்றின் அடியில் வரிசையாகத் தொங்கும் பச்சைக் காய்கள். கை லென்ஸை வைத்துப் பூவைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அமாரஸ் பூவில் இதழ் ஐந்து, மற்ற இரண்டிலும் ஆறு. பூ கடுகளவுதான் இருக்கும். எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும்.

இப்போது யோசியுங்கள். பழைய பெயரை நம்பி ஒரு ஆய்வகம் வாசல் கீழாநெல்லியின் டி.என்.ஏ.வைப் படித்து, 'நிரூரி' என்று எழுதித் தரவுத்தளத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? அடுத்து வருபவர் அதே செடியைக் கொடுப்பார். நூறு சதவீதம் பொருந்தும். 'நிரூரி' என்று பதில் வரும். அவர் தன் வரிசையையும் அதே பெயரில் ஏற்றுவார். மூன்றாமவருக்கு இரண்டு சாட்சிகள் கிடைக்கும். வரிசையை எத்தனை முறை திரும்பப் படித்தாலும் இந்தத் தவறு வெளிவராது, ஏனென்றால் தவறு வரிசையில் இல்லை. அது மேலே எழுதிய பெயரில் இருக்கிறது. பூவிதழை எண்ணிப் பார்த்து, ஹெர்பேரியத்தில் உலர்த்தி ஒட்டிவைத்த பழைய மாதிரித் தாளோடு ஒப்பிடும் ஒருவர் வந்தால்தான் அது பிடிபடும்.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கீழாநெல்லி ஹெபடைடிஸ்-பி கிருமிக்கு எதிராக வேலை செய்கிறது என்று சென்னை ஆய்வாளர்கள் 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஏன் என்ற விவாதத்தில் எழுந்த கேள்விகளில் ஒன்று, எல்லோரும் ஒரே செடியைத்தான் பயன்படுத்தினார்களா என்பது. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தில் இதழ் ஐந்தா ஆறா என்பது சின்ன விஷயம் இல்லை.

இதனால்தான் தாவரப் பெயரிடல் விதிகள் வகைமாதிரியை வலியுறுத்துகின்றன. 1958 ஜனவரி 1 முதல், வகைமாதிரி எது என்று குறிப்பிடாமல் புதிய இனத்துக்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயர் செல்லாது. வகைமாதிரி என்பது பதப்படுத்திய ஒரு செடி. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்போடு ஏதோ ஒரு ஹெர்பேரியத்தின் அலமாரியில் இருக்கும் செடி. வெறும் ஏ, டி, ஜி, சி எழுத்துகளின் சங்கிலி அந்த இடத்தில் உட்கார முடியாது.

2. சந்தேகம் வரும் இடத்தில்தான் பார்கோடும் தடுமாறுகிறது

விலங்குகளுக்குப் பொருந்தியது செடிக்கும் பொருந்தும் என்று யார் வாக்குக் கொடுத்தது? ஒரு சிறு மரபணுத் துண்டைக் கொண்டே இனத்தை அடையாளம் காணும் டி.என்.ஏ. பார்கோடு என்ற யோசனையை 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் முன்வைத்தபோது, அவர் நம்பியது விலங்குகளின் இழைமணியில் உள்ள ஒரு மரபணுவை. விலங்குகளில் அது வேகமாக மாறும். அதனால் இனத்துக்கு இனம் வேறுபடும். செடிகளின் இழைமணி மரபணுக்களோ மிக மெதுவாக மாறுபவை. ஆகவே செடிகளுக்கு வேறு இடம் தேடினார்கள். பல ஆண்டுச் சச்சரவுக்குப் பிறகு 2009இல் ஒரு சர்வதேசக் குழு, பசுங்கணிகத்தில் உள்ள ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்ற இரண்டு மரபணுத் துண்டுகளைப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவே சொன்ன கணக்கு: அவற்றால் பிரித்தறிய முடிந்த இனங்கள் 72 சதவீதம். மீதியை 'இந்த நெருங்கிய கூட்டத்தில் ஒன்று' என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

குழுவின் நேர்மையைப் பாராட்டுகிறேன். அவர்கள் பெயரைச் சொல்லிப் பிரசாரம் செய்பவர்களிடம்தான் சண்டை. மீதி 28 சதவீதத்தில் இருப்பவை எவை? தாமரையா அல்லியா என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அண்மையில் பிரிந்த இனங்கள், கலப்பில் பிறந்தவை, பக்கத்துப் பக்கத்து மலைகளில் சிறுசிறு வேறுபாட்டோடு நிற்பவை ஆகியவற்றில்தான் நிபுணருக்கே சந்தேகம் வருகிறது. பார்கோடும் அங்கேதான் கைவிரிக்கிறது. வில்லோ மரங்களில் ஏராளமான இனங்கள் ஒரே பசுங்கணிக வரிசையைப் பகிர்ந்துகொள்வதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பார்கோடுக்கு இது படுதோல்வி என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்ட ஆய்வு அது.

மருந்துக் கடைப் பொடி விஷயத்தில் பார்கோடு உதவுமே என்பார்கள். உதவும். வேரை இடித்துப் பொடியாக்கிவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை. ஆனால் கொதிக்க வைத்து வடித்த கஷாயத்திலும் சாறிலிருந்து பிரித்த பொருளிலும் டி.என்.ஏ. சிதைந்துபோயிருக்கும், ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு 'மூலிகையே இல்லை' என்று அர்த்தம் இல்லை. அங்கே வேதிச் சோதனைதான் வழி.

3. பசுங்கணிகம் தாயின் கதையை மட்டும் சொல்லும்

தகப்பன் எங்கே போனான்? பெரும்பாலான பூக்கும் செடிகளில் பசுங்கணிகம் தாய் வழியாக மட்டுமே வருகிறது. கலப்பினத்தில் பிறந்த செடியின் பசுங்கணிகத்தைப் படித்தால், அதன் பாதி வம்சாவளி நம் கண்ணில் படவே படாது. விலங்குகளைவிடச் செடிகளில் கலப்பும், கலந்தபின் குரோமோசோம் இரட்டிப்பும் மிக அதிகம். புதிய இனங்கள் பிறக்கும் முக்கிய வழிகளில் ஒன்றே அதுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிழக்கு ஓரத்தில் நடந்ததைப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து டிராகோபோகன் என்ற சூரியகாந்திக் குடும்பச் செடியின் மூன்று இனங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்து சேர்ந்தன: டூபியஸ், பிரடென்சிஸ், போரிஃபோலியஸ். சாலையோரங்களிலும் காலி மனைகளிலும் ஒன்றோடொன்று கலந்தன. மரியன் ஒன்பி என்ற தாவரவியலாளர் அந்தக் கூட்டங்களுக்குள் வழக்கத்துக்கு மாறான சில செடிகளைக் கவனித்தார். குரோமோசோம்களை எண்ணினார். பெற்றோரில் 12, இவற்றில் 24. அவை பெற்றோரோடு கலக்காமல் தமக்குள்ளேயே விதை பிடித்துப் பெருகிக்கொண்டிருந்தன. மனிதக் கண் முன்னாலேயே, சில பத்தாண்டுகளுக்குள் பிறந்த இரண்டு புதிய இனங்கள் அவை. 1950இல் மிரஸ், மிசெல்லஸ் என்று பெயரிட்டார்.

சுவாரசியம் இனிமேல்தான். மிசெல்லஸ் ஒரே முறை பிறக்கவில்லை. டூபியஸும் பிரடென்சிஸும் கலந்த பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கிறது. பெரும்பாலான இடங்களில் தாய் பிரடென்சிஸ். புல்மன் என்ற ஊரில் மட்டும் தாய் டூபியஸ். ஆக, பசுங்கணிகத்தை மட்டும் படிப்பவருக்குப் புல்மன் செடி டூபியஸ் என்று தெரியும். சில மைல் தள்ளி, ஐடஹோ எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரில் நிற்கும் அதே இனம் பிரடென்சிஸ் என்று தெரியும். மிசெல்லஸ் என்ற இனம் இருப்பதே அவருக்குத் தெரியாது. சாலையோரத்தில் குனிந்து நின்று பூவைப் பார்த்த மனிதருக்குத் தெரிந்தது.

ஐரோப்பிய ஓக் மரங்களில் பசுங்கணிகம் இனத்தைவிட ஊரோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. பக்கத்தில் வளரும் வேற்றினத்தோடு பகிர்ந்துகொள்கிறது. டாஸ்மேனியாவின் யூகலிப்டஸ் மரங்களிலும் இதே கதை.

"சரி, பசுங்கணிகத்தை விடுங்கள், உட்கருவில் நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் படித்துவிடலாம்" என்று பதில் வரும். வரவேற்கிறேன். ஹவாய்த் தீவுகளின் வெள்ளிவாள் செடிகள் கலிஃபோர்னியாவின் தார்ச்செடிகளிலிருந்து வந்தவை என்பதும், அந்த மூதாதையே ஒரு கலப்பினம் என்பதும் உட்கரு மரபணுக்களிலிருந்துதான் உறுதியாயின. ஆனால் எந்தத் தீவில், எந்த எரிமலைச் சரிவில், எந்தச் செடியிலிருந்து இலை கிள்ள வேண்டும், ஒரு கூட்டத்தில் எத்தனை செடி வேண்டும் என்பதை முடிவு செய்தவர் யார்? சந்தேகத்துக்குரிய செடியைச் சந்தேகத்துக்குரியது என்று முதலில் அடையாளம் கண்டவர் யார்?

4. கண் பார்த்ததைக் குறைத்துப் பேசாதீர்கள்

"உருவத்தை வைத்து வகைப்படுத்துவது அவரவர் விருப்பம்; டி.என்.ஏ.தான் விஞ்ஞானம்" என்று ஒரு வாக்கியம் மாணவர்களின் வாயில் ஊறிப்போயிருக்கிறது. எங்கிருந்து கற்றார்களோ தெரியவில்லை.

ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் நடந்து போகும்போது மூன்று கிளைகளை ஒடித்துக் கையில் வையுங்கள். கருவேலத்தில் முள் வெள்ளையாய், நேராய், ஒவ்வொரு இலையடியிலும் ஜோடியாக நிற்கும். அது இலையடிச் செதில் முள்ளாக மாறியது. சீமைக் கருவேலத்தின் முள்ளும் கணுவில்தான் வரும். ஆனால் அது செதிலின் இடத்தில் இல்லை, இலைக்கோணத்தில் கிளம்புவது. வன்னியில் முள் கணுவையே மதிக்காது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டில் கண்டபடி சிதறியிருக்கும், குட்டையாக. கிளையைத் தடவினாலே வித்தியாசம் விரலில் ஏறும்.

வன்னியும் சீமைக் கருவேலமும் நெடுங்காலம் 'புரோசோபிஸ்' என்ற ஒரே பேரினம். அர்ஜென்டினாவின் அர்துரோ பர்கார்ட் 1976இல் அந்தப் பேரினத்தை முள் எங்கே எப்படி வருகிறது என்பதைக் கொண்டு உட்பிரிவுகளாகப் பிரித்தார். வன்னி ஒரு பிரிவு. சீமைக் கருவேலம் இன்னொரு பிரிவு. 2022இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் புரோசோபிஸ் உடைந்தது. வன்னி பழைய பெயரிலேயே நின்றது. சீமைக் கருவேலம் 'நெல்டுமா' ஆனது. உடைந்த துண்டுகள் பெரும்பாலும் பர்கார்ட் கோடு போட்ட இடங்களிலேயே உடைந்திருக்கின்றன.

அகேசியாவின் கதை இதைவிடப் பழையது. ஜார்ஜ் பெந்தாம் 1875இல் அகேசியாவைத் தொடர்களாகப் பிரித்தபோது, செதில் முள் உள்ள கருவேலம், குடைவேல், வெள்வேல் கூட்டத்தை ஒரு பக்கம் வைத்தார். சீயக்காய் போலக் கொக்கி முட்கள் உள்ளவற்றை வேறு பக்கம் வைத்தார். இலைக்காம்பே இலைபோல் தட்டையான ஆஸ்திரேலிய மரங்களை மூன்றாவது பக்கம் வைத்தார். இன்று டி.என்.ஏ. காட்டும் வச்செலியா, செனகாலியா, அகேசியா என்ற பிரிவுகள் ஏறத்தாழ அவையே. டி.என்.ஏ. என்ற பொருளுக்கு என்ன வேலை என்றே தெரியாத காலத்தில், லண்டனில் உட்கார்ந்து, உலர்ந்த கிளைகளைப் பார்த்துப் பிரித்தது அது.

டி.என்.ஏ. புதிதாக எதுவும் சொல்லவில்லை என்பது என் வாதம் இல்லை. கொடைக்கானல் மலையில் நட்ட ஆஸ்திரேலிய வாட்டில், கருவேலத்தைவிட வாகைக்கும் கொடுக்காப்புளிக்கும் நெருங்கியது என்பதை டி.என்.ஏ.தான் தீர்த்துவைத்தது. பெந்தாம் கோட்டைச் சரியாகப் போட்டார். மூன்று பக்கமும் ஒரே வீடு என்று நினைத்தது தவறு. கண் எழுப்பிய கருதுகோளை மரபணு சோதித்தது. ஒரு பகுதியை ஏற்றது, ஒரு பகுதியைத் தள்ளியது. கருதுகோளே இல்லையென்றால் எதைச் சோதிப்பார்கள்?

5. மரம் கோடு போட்டுத் தருவதில்லை

எங்கே வெட்டுவது? மரபணு ஆய்வு தருவது கிளைகளுள்ள ஒரு மரப்படம். இந்தக் கிளைக்கு மேல் ஒரு பேரினம், அந்தக் கிளைக்குக் கீழ் இன்னொன்று என்று அதில் எழுதியிருக்காது. அகேசியாவை உடைக்க வேண்டும் என்பது மரப்படத்திலிருந்து வந்தது. பெயர் யாருக்கு என்பது வாக்கெடுப்பில் முடிவானது. அந்தப் பெயரின் வகைமாதிரியாக முன்பு இருந்தது நம் கருவேலம்தான். ஆனால் பழைய அகேசியாவின் சுமார் 1,350 இனங்களில் ஏறத்தாழ ஆயிரம் ஆஸ்திரேலியாவில் இருந்தன. பெயரை அவற்றுக்கே விட்டால் மாற்ற வேண்டிய பெயர்கள் குறையும் என்று வாதிட்டார்கள். 2005இல் வியன்னாவில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில் வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்தார்கள். எதிர்ப்பு தேவையான 60 சதவீதத்தை எட்டாததால் மாற்றம் நிலைத்தது. 2011இல் மெல்பர்னில் அதையே உறுதி செய்தார்கள். கருவேலம் வச்செலியா ஆனது இப்படித்தான். ஆப்பிரிக்காவில் இன்னும் பலருக்கு ஆறவில்லை, எனக்கும்தான்.

இனத்தின் எல்லையிலும் இதே பிரச்சினை. மரபணுத் தரவை மட்டும் வைத்து இனங்களைப் பிரிக்கும் பிரபலமான கணிப்புமுறை, இனங்களையும் ஒரே இனத்துக்குள் உள்ள வட்டாரக் கூட்டங்களையும் வேறுபடுத்தாது என்று சுகுமாரனும் நோல்ஸும் 2017இல் எழுதினார்கள். ஒவ்வொரு மலையின் கூட்டத்தையும் தனி இனமாக அறிவிக்க அந்த முறை தயங்காது. நிறுத்த வேண்டிய இடம், அந்தச் செடிகள் பூப்பதையும் காய்ப்பதையும் கலப்பதையும் கவனித்தவருக்குத்தான் தெரியும்.

6. டி.என்.ஏ. எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எதிர்த்தரப்பு மௌனமாகிவிடுகிறது. 2024இல் லண்டன் கியூ தோட்டத்தின் தலைமையில் வெளியான பூக்கும் தாவரங்களின் மாபெரும் மரப்படத்துக்கு 353 உட்கரு மரபணுக்களையும் 9,500க்கு மேற்பட்ட இனங்களையும் பயன்படுத்தினார்கள். அவற்றில் மிகப் பல, ஹெர்பேரியத் தாள்களிலிருந்து கிள்ளியவை. சில இருநூறு ஆண்டுப் பழமையானவை. மெக்சிகோவுக்குச் சொந்தமான குவாடலூப்பே தீவில் 1875இல் எட்வர்ட் பால்மர் ஒரு ஆலிவ் குடும்ப மரத்தின் கிளையை ஒடித்துப் பதப்படுத்தினார். ஹெஸ்பரெலியா பால்மெரி. அதன்பின் அதை யாரும் உயிரோடு பார்த்ததில்லை. ஆடுகள் தீவை மேய்ந்து தீர்த்துவிட்டன. அந்தக் காய்ந்த கிளையிலிருந்துதான் இன்று அதன் மரபணு கிடைத்தது. பால்மருக்கு மரபணு என்றால் என்னவென்று தெரியாது. அவர் தாளில் ஒட்டி, ஊரும் தேதியும் எழுதி வைத்தார். அவ்வளவு போதுமாக இருந்தது.

ஹெர்பேரியத்தில் குவிந்து கிடப்பது பழைய குப்பை என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2010இல் வெளியான ஓர் ஆய்வின்படி, புதிய இனங்களாக அறிவிக்கப்பட்டவற்றில், முதல் மாதிரியை எடுத்து ஐந்து ஆண்டுக்குள் பெயர் பெற்றவை 16 சதவீதம்தான். நான்கில் ஒரு பங்குக்கு ஐம்பது ஆண்டுக்கும் மேலான மாதிரிகள் தேவைப்பட்டன. புதிய இனங்கள் காட்டில் மட்டும் இல்லை, அலமாரியிலும் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர் வரும்வரை காத்திருக்கின்றன.

எதிர்த்தரப்பின் மிகக் கூர்மையான அம்பு ஒன்று உண்டு. ஹெர்பேரியத் தாள்களிலேயே பெயர்கள் தவறு என்பார்கள். உண்மை. ஆப்பிரிக்க இஞ்சிக் குடும்பத்தின் ஒரு பேரினத்தில், புதிய விரிவான ஆய்வு வருவதற்கு முன் பாதிக்கும் மேற்பட்ட தாள்களில் தவறான பெயர் இருந்ததை 2015இல் கண்டறிந்தார்கள். ஆனால் கண்டறிந்தவர்கள் வகைப்பாட்டியலாளர்கள். திருத்தியதும் அவர்களே. தாளில் பெயர் தவறு என்றால் அந்தத் தாளிலிருந்து கிள்ளிய டி.என்.ஏ.வின் பெயரும் தவறு. அதைத் திருத்தும் ஆளையும் வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்பது என்ன தர்க்கம்? தாள் இருப்பதால்தான் தவறு தெரிந்தது. தாள் இல்லாத வரிசையில் தவறு இருந்தால் அதை நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

7. விளைவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ள தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கே பாரமாகிவிட்டது என்றால், மற்றவர்களுக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. நம் பக்கத்தில் இவ்வளவு வெளிப்படையான அறிவிப்பு வராது. வகைப்பாட்டியல் ஆசிரியர் ஓய்வு பெறுவார். அந்த இடத்துக்கு மூலக்கூறு உயிரியல் படித்தவர் வருவார். களப்பயணம் கல்விச் சுற்றுலாவாகும். ஹெர்பேரிய அறையில் பழைய நாற்காலிகள் ஏறும். வந்தவர் மேல் குற்றம் இல்லை. அவர் பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்காததுதான் குற்றம்.

கேம்பிள் தொடங்கிப் பிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளியானது. திருச்சியில் பாதிரியார் கே. எம். மேத்யூ, மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிச் செடி சேர்த்து, 1980களில் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். அதற்குப் பின் வந்த எத்தனை ஆய்வகங்கள் தங்கள் வரிசைகளுக்குப் பெயர் வைக்க இந்த நூல்களைத்தான் திறந்தன! அடுத்த நூலை எழுதப்போகிறவர் எந்தத் துறையில் பயிற்சி பெறுகிறார்?

ஆய்வு வழிகாட்டிகளிடமும் இதழாசிரியர்களிடமும் கேட்பது ஒன்றுதான். டி.என்.ஏ. எடுக்கும் ஒவ்வொரு செடியிலும் பூவோ காயோ உள்ள ஒரு கிளையை ஒடித்துப் பதப்படுத்தச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் மெட்ராஸ் ஹெர்பேரியத்திலோ, திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலோ, அருகில் உள்ள வேறு எதிலோ அதைச் சேர்த்து, மாதிரி எண் வாங்கி வரச் சொல்லுங்கள். செடியை அடையாளம் கண்டவர் யார் என்று ஆய்வேட்டில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு பழைய செய்தித்தாள், கனமான அட்டை, ஊசி நூல். எண் இல்லாமல் வரும் வரிசையைத் திருப்பி அனுப்புங்கள்.